கோலியின் அடியில் ஒரு கையெழுத்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், யூஜீன் என்ற ஊரில் என் மகள் குடும்பத்தோடு வசிக்கிறாள். சென்ற கோடையில் அங்கே போயிருந்தபோது ஒரு பழம்பொருள் கடையில் பெரிய கண்ணாடிக் கோலி ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தெளிந்த கண்ணாடிக்குள் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு பூ விரிந்திருக்கிறது. மறுபக்கம் முழுவதும் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஊசியால் கீறியதைப் போல் 'டபிள்யூ 86' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. 1986-இல் கையால் செய்த கோலி என்றார் கடைக்காரர். செய்தவர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் தெரிந்த நகைக் கடையில் கொடுத்து நிறுத்துப் பார்த்தேன், 64 கிராம் இருந்தது. பேரனின் வெர்னியர் அளவியில் குறுக்களவு 38 மில்லிமீட்டர். இதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கையெழுத்தை மட்டும் எழுதிவிட்டு, யார் இவர் என்று கேட்பவை. தாங்கள் எடையையும் குறுக்களவையும் சேர்த்து எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. கையெழுத்துள்ள கோலியில் கையெழுத்தைக் கடைசியாகத்தான் படிக்க வேண்டும் என்பது என் பழக்கம். எழுத்தை எவரும் எப்போதும் கீறலாம்; கண்ணாடி எந்த வகையைச் சேர்ந்தது, எந்த முறையில் உருண்டையானது என்பதைப் பின்னால் ஒருவர் மாற்ற முடியாது.

முதலில் எடையைப் பார்ப்போம். 38 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கோளத்தின் கன அளவு ஏறத்தாழ 28.7 கன சென்டிமீட்டர். 64 கிராமை அதனால் வகுத்தால் அடர்த்தி 2.23 என்று வருகிறது. சன்னல் கண்ணாடி, பாட்டில், நம் தெருவில் உருண்ட கோலி ஆகிய எல்லாம் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அதன் அடர்த்தி 2.5-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் கண்ணாடியில் இதே அளவுக் கோலி செய்திருந்தால் தங்கள் தராசு 72 கிராம் அளவில் காட்டியிருக்கும். ஈயம் கலந்த படிகக் கண்ணாடியாக இருந்தால் 85 கிராமுக்கும் குறையாது. 2.23 என்பது போரோசிலிகேட் கண்ணாடியின் அடர்த்தி. ஆய்வுக்கூடக் குடுவைகளுக்கும் சூடு தாங்கும் சமையலறைப் பாத்திரங்களுக்கும் பயன்படுவது அதுதான். கையால் செய்த கோலி கச்சிதமான உருண்டையாக இருப்பது அரிது என்பதால் மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. ஆயினும் அரை மில்லிமீட்டர் பிசகினால் கன அளவில் வரும் பிழை நான்கு சதவீதம்தான். இரண்டு கண்ணாடிகளுக்கும் அடர்த்தியில் உள்ள வேறுபாடோ பன்னிரண்டு சதவீதம். ஆகவே இந்த முடிவை நம்பலாம்.

போரோசிலிகேட் என்றால், பெரிய உலையிலிருந்து இரும்புக் குழாயில் அள்ளியெடுத்துச் செய்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேசை மேல் பொருத்திய எரிவாயு–ஆக்சிஜன் சுடருக்கு முன்னால் அமர்ந்து, கண்ணாடித் தண்டுகளை உருக்கி, கிராஃபைட் குழியில் உருட்டி உருட்டிச் செய்திருக்கிறார்கள். தாங்கள் சொல்லும் பூவும் இதையே உறுதிப்படுத்துகிறது. தெளிந்த கண்ணாடி வில்லை ஒன்றின் பின்பக்கத்தில் வண்ணக் கண்ணாடியால் வட்டமாகப் புள்ளிகள் வைப்பார்கள். வில்லையின் விளிம்பைச் சுடரில் காட்டினால் அது உருகி உள்நோக்கிச் சுருங்கும். அப்போது ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடிக்குள் இழுபட்டு நீண்டு ஓர் இதழாகிவிடும். அதன் பிறகு பின்பக்கத்தைக் கறுப்பால் மூடுவார்கள். முன்பக்கத்தின் வளைவு உருப்பெருக்கிக் கண்ணாடி போல் வேலை செய்வதால், உள்ளே சுண்டுவிரல் நகமளவே இருக்கும் பூ கோலி முழுவதும் நிறைந்ததாகத் தெரியும். தங்கள் கோலியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். பூ சட்டென்று சிறுத்துப் பின்சுவரோடு ஒட்டிக்கொள்வதைக் காண்பீர்கள்.

இப்போது கையெழுத்துக்கு வரலாம். கோலிக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. தாங்கள் 'டபிள்யூ 86' என்று படித்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் '98 எம்' என்று ஆகிவிடும். டபிள்யூ கவிழ்ந்தால் எம், 6 கவிழ்ந்தால் 9, எட்டு எப்படிக் கவிழ்ந்தாலும் எட்டு. இரண்டில் எது சரி என்பதற்குக் கண்ணாடி வரலாறு துணைக்கு வருகிறது. போரோசிலிகேட் கண்ணாடி ஆய்வுக்கூடத்துக்காகப் பிறந்தது. நிறமற்றதாகவே நெடுங்காலம் விற்கப்பட்டது. அதில் வண்ணத் தண்டுகளைக் கலைஞர்களுக்காக வணிக முறையில் செய்யத் தொடங்கியவர்களில் முன்னோடி பால் டிரௌட்மன். அவர் ஓரிகனில் நார்த்ஸ்டார் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதே 1980-களின் நடுவில்தான். அதற்கு முன்பு வண்ணம் வேண்டுமென்றால் அவரவர் தாமே உலோக ஆக்சைடுகளைக் கலந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1986-லேயே ஒருவர் ஊதாவும் வெள்ளையுமாக இத்தனை தெளிவான பூவைச் செய்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1998 என்றால் எதையும் வலிந்து விளக்க வேண்டிய தேவையில்லை. இதை வீட்டிலேயே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கையால் எழுதும் எட்டில் மேல் வளையம் பெரும்பாலும் கீழ் வளையத்தைவிடச் சிறியதாக இருக்கும். கோலியை ஒரு வளையல் மேல் அசையாமல் வைத்து, கீறலில் சிறிது முகப்பவுடரைத் தடவி, மேற்பரப்பை மட்டும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் எழுத்து வெள்ளையாகத் தெளிந்து நிற்கும். அப்போது எட்டின் எந்த வளையம் சிறியது என்று லென்ஸில் பாருங்கள். அதுவே மேல் பக்கம்.

எனவே நாம் தேட வேண்டியவர், 1998-ஐ ஒட்டி, சுடர் மேசையில் போரோசிலிகேட் கோலிகள் செய்த, எம் என்ற எழுத்தில் தொடங்கும் பெயருடைய ஒருவர். வாங்கிய ஊரும் பொருத்தமான ஊர்தான். பாப் ஸ்னாட்கிராஸ் என்ற கண்ணாடிக் கலைஞர் யூஜீனில் குடியேறி, வெள்ளி, பொன் ஆகியவற்றின் ஆவியைக் கண்ணாடி மேல் படியவைத்து நிறம் மாறும் புகைக்குழாய்களைச் செய்தார். அவரிடம் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாக 1990-களில் அந்த வட்டாரமே சுடர்க் கண்ணாடிக்குப் பேர்பெற்றது. புகைக்குழாய் செய்த கைகள் பல கோலியும் செய்தன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் குழாய்கள் கஞ்சா புகைக்கப் பயன்பட்டதால் அந்தத் தொழில் சட்டத்தின் விளிம்பில் நடந்தது. 2003 பிப்ரவரியில் அமெரிக்க அரசு நாடு முழுவதும் சோதனை நடத்திப் பலர் மேல் வழக்குப் போட்டது. அதனால் அந்த வட்டத்தில் புனைபெயரும் ஒற்றை எழுத்துமாகக் கையெழுத்திட்டவர்கள் பலர். கையெழுத்தே போடாதவர்களும் பலர். ஆகவே எம் என்பது குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பட்டப்பெயராகவும் இருக்கலாம்.

இந்த ஒற்றை எழுத்தை வைத்து ஒரு பெயரை எழுதி அனுப்புவது எனக்கு எளிது, தாங்களும் மகிழ்வீர்கள். ஆனால் அது ஊகமாகவே இருக்கும். அதைவிட, கோலியை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு ஆகிய மூன்று கோணங்களிலும், கையெழுத்தை மட்டும் தனியாகவும் படம் எடுத்து, எடை, அளவு, வாங்கிய ஊர் ஆகிய விவரங்களுடன் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் ராகோவ் நூலகத்துக்கு அனுப்புங்கள். கண்ணாடி தொடர்பான பொதுமக்களின் கேள்விகளுக்கு அங்குள்ள நூலகர்கள் பதில் தருகிறார்கள். என்ன விலை பெறும் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்வது அவர்கள் வேலை அன்று. மகளிடம் சொல்லி யூஜீனில் இப்போதும் இயங்கும் சுடர்க் கண்ணாடிப் பட்டறைகளில் படத்தைக் காட்டச் செய்வதும் பயன் தரும். சக தொழிலாளியின் கைவேலையை அடையாளம் காணும் கண், எந்த நூலகத்திலும் கிடைக்காதது. 'யார் கையெழுத்து இது?' என்று கேட்காமல் 'யார் வேலை இது?' என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவில் வசிக்கும் யாழ்ப்பாணத்தவன் நான். சிறுவயதில் போளை அடித்த ஆசையில் இப்போது போளைகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒரு கண்ணாடிப் போளைக்குள் நீலக் கடலும் பச்சை நிலமும் முகிலுமாக ஒரு சிறு உலகமே தெரிகிறது. அடியில் 'சிம்ப்சன்' என்று வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. இவர் யார்?
– வாசகர், டொரொண்டோ

பதில்: தங்களுக்கு என்னைக் கேட்காமலே விடை கிடைத்திருக்கும். ஜோஷ் சிம்ப்சன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருக்கும் கண்ணாடிக் கலைஞர். 1970-களின் நடுவிலிருந்து 'கோள்கள்' என்று அவர் அழைக்கும் கண்ணாடி உருண்டைகளைச் செய்துவருகிறார். கோலி அளவிலிருந்து இரு கைகளாலும் தூக்க வேண்டிய அளவு வரை அவை உண்டு. அவருடைய மனைவி கேடி கோல்மன் விண்வெளிக்குச் சென்றுவந்தவர் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் செய்தி. ஆனால் கோள்கள் செய்யும் வேலை அந்தத் திருமணத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

இவருடைய கோலி உலையில் செய்தது. முந்தைய கடிதத்தில் பார்த்த சுடர் மேசைக் கோலியின் உள்ளமைப்பு இதில் இராது. உலகம் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்காமல், உருண்டையின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் இருக்க வேண்டும். மேல் அடுக்கு தெளிந்த கண்ணாடியாக இருக்க வேண்டும். தங்கள் போளையைத் திருப்பும்போது முகில் கடலுக்கு மேலே தனியாக நகர்வது போல் தோன்றினால் அடுக்குகள் உண்மையானவை. பெயர் இருக்கிறது, வேலையும் அந்தப் பெயருக்குப் பொருந்துகிறது என்றால், கலைஞர் வாழும் காலத்திலேயே அவர் பட்டறைக்குப் படம் அனுப்பிக் கேட்டுவிடுவதுதான் முறை.

இன்னொன்று. சிம்ப்சன் தம் கோள்களை உலகின் பல மூலைகளில் அன்பர்களைக் கொண்டு ஒளித்துவைக்கும் ஒரு திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார். கடற்கரையிலோ காட்டுப் பாதையிலோ இப்படி ஒன்றைக் கண்டெடுத்தவர்கள், யாரோ தொலைத்துவிட்டார்கள் என்று வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: என் பாட்டனாரின் பெட்டியில் இருந்த பெரிய கோலி ஒன்றில் உள்ளே வெள்ளை இழைகள் வலைபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. எதிரெதிரே இரண்டு முனைகளில் சொரசொரப்பான வடு இருக்கிறது. எவ்வளவு தேடியும் கையெழுத்து இல்லை. அழிந்துபோயிருக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அழிந்துபோகவில்லை, இருந்ததே இல்லை. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லாவ்ஷா என்ற கண்ணாடி ஊர் உண்டு. 1840-களில் அங்கே கோலிக் கத்தரி என்று ஒரு கருவி உருவாயிற்று. ஒரு நுனியில் கிண்ணம் போன்ற குழியும் அதையொட்டி வெட்டும் அலகும் உள்ள இடுக்கி அது. வண்ண இழைகள் உள்ளே ஓடும் கண்ணாடித் தண்டின் நுனியைச் சூடாக்கி, குழியில் வைத்துத் திருகி, உருண்டை வந்ததும் அலகை அழுத்தி வெட்டுவார்கள். பிறகு அதே தண்டில் அடுத்த கோலி. இரண்டு பக்கமும் தண்டிலிருந்து பிரிந்த வடு இருப்பதற்குக் காரணம் அதுதான். தங்கள் கோலியின் இழைகள் ஒரு வடுவில் தொடங்கி மற்றொரு வடுவில் முடிவதைக் கவனியுங்கள். இயந்திரக் கோலியில் இந்த இரு வடுக்களும் இருப்பதில்லை.

இவற்றைச் செய்தவர்கள் குடிசைத் தொழிலாளர்கள். பொம்மைக்கு எவரும் கையெழுத்திடவில்லை. 1890-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றானபோதும், அது பெட்டி மேல்தான் ஏறியது, கோலி மேல் அன்று. ஆகவே இதற்கு ஊர் சொல்லலாம், ஆள் சொல்ல முடியாது. யாராவது ஆள் பெயர் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். உள்ளே பொன்துகள் மின்னும் பழைய ஜெர்மானியக் கோலிகளைச் சேகரிப்போர் இன்றும் 'லுட்ஸ்' என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவின் சாண்ட்விச் கண்ணாடி ஆலையில் வேலை செய்த நிக்கலஸ் லுட்ஸ் என்பவரின் பெயர் அது. அவர் அந்தக் கோலிகளைச் செய்ததற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தப் பொன்னும் பொன் அன்று, கண்ணாடிக்குள் படிகமான செம்பு. தவறான பெயரானாலும் பழகிவிட்டதால் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: கோலி சோடா பாட்டிலின் மேல் எழுத்துகள் புடைத்திருக்கின்றன. அதை வைத்து உள்ளே இருக்கும் கோலியைச் செய்தவரைக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: முடியாது. அந்த எழுத்து பாட்டிலைச் செய்தவருடையது, அல்லது சோடாக் கம்பெனியுடையது. கழுத்தில் கோலியை அடைத்து வாயுவின் அழுத்தத்தாலேயே மூடும் இந்த ஏற்பாட்டுக்கு 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். அதனால்தான் ஆங்கிலத்தில் அது காட் பாட்டில். உள்ளே இருப்பது அடைப்பானே தவிர அலங்காரம் அன்று. கையெழுத்து இருந்தால் அந்தக் கீறலே வாயுவைக் கசியவிட்டுவிடும். பள்ளிக்கூட நாட்களில் உடைந்த சோடா பாட்டிலின் பச்சைக் கோலிக்காகச் சண்டை போட்டவன் என்ற முறையில், இதற்கு மேலும் ஏதாவது சொல்ல எனக்கும் ஆசைதான்.

கேள்வி: இணையத்தில் 'கையெழுத்துள்ளது' என்று கூடுதல் விலை சொல்லிக் கோலி விற்கிறார்கள். கையெழுத்து பின்னால் சேர்க்கப்பட்டதா என்று எப்படி அறிவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கையெழுத்து கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கலைஞர்கள் சிலர் தம் பெயரின் எழுத்துகளைத் தடித்த கண்ணாடித் தண்டுக்குள் குறுக்குவெட்டில் தெரியும்படி அமைத்து, தண்டைச் சூடாக்கிப் பென்சிலைவிட மெல்லியதாக இழுத்துவிடுவார்கள். தண்டு மெலிந்தாலும் எழுத்து குலையாமல் சுருங்கும். நம் ஊர் ஜவ்வுமிட்டாய்க்காரர் மிட்டாயை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதைச் சில்லு சில்லாக வெட்டி, ஒவ்வொரு கோலியின் அடியிலும் ஒரு சில்லைச் சூட்டோடு பதித்து, மேலே தெளிந்த கண்ணாடியால் மூடுவார்கள். இப்படிப் பதிந்த எழுத்தைக் குளிர்ந்த கோலிக்குள் பின்னால் நுழைக்க வழியே இல்லை. ஆனால் ஒரே தண்டு பல ஆண்டுகளுக்கு வரும் என்பதால், சில்லிலேயே ஆண்டு இல்லாவிட்டால் அது ஆளைச் சொல்லுமே தவிரக் காலத்தைச் சொல்லாது.

மேலே கீறிய கையெழுத்துக்குப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும். வைர ஊசியால் கையால் எழுதிய கோடு மெல்லியதாக, ஓரங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்ததாக இருக்கும். மின்கருவியால் எழுதியது புள்ளிபுள்ளியாகத் தொடரும். இரண்டுமே கலைஞர்கள் பயன்படுத்துபவைதான். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. கோலி மேசையிலும் பெட்டியிலும் உருண்டதால் ஏற்பட்ட தேய்மானக் கீறல்கள் கையெழுத்தைக் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். தேய்மானக் கீறல் எழுத்தின் ஓரத்தையும் சேர்த்து மழுக்கிக்கொண்டு போயிருந்தால் எழுத்து பழையது. எழுத்தின் கோடு பழைய கீறல்களைக் கூர்மையாக அறுத்துக்கொண்டு போயிருந்தால், கோலி பல காலம் உருண்ட பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த யாரோ, நல்லெண்ணத்தோடு தம் பெயரையோ வாங்கிய ஆண்டையோ குறித்துவைத்த பழைய சொந்தக்காரராகவும் இருக்கலாம். ஒருமுறை ஒரு கோலியின் அடியில் இருந்த எண்ணைப் படைப்பின் வரிசை எண் என்று நான் வாரக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அது ஒரு கடையின் இருப்பு எண் என்று தெரியவந்தது.

விற்பவரிடம் தேய்மானம் தெரியும்படி, வெளிச்சம் சாய்வாக விழ எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். வாங்கிய பின் கோலியை வெயில் நேரே விழும் சன்னலில் வைத்துவிடாதீர்கள். தெளிந்த பெரிய கோலி கதிரைக் குவித்து அடியில் விரித்திருக்கும் துணியைக் கருக்கிவிடும். என் மேசை விரிப்பில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.